அருந்ததி தெரிகிற இடம்

என் மாமனார் நாராயணபெருமாள் பிள்ளைக்கு இருட்டு வேண்டியிருந்தது. சும்மா இருட்டு போதாது. பக்கத்தில் விளக்கு இல்லாத, வடக்கே மரம் மறைக்காத, நல்ல கட்டி இருட்டு. தக்கலையில் கொப்பரைக் கடை வைத்து, நாலு பேர் எழுந்து நின்று கும்பிடுகிற மனுஷர், அறுபத்தெட்டு வயதில் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு இருட்டைத் தேடி அலைந்தார். கூட வண்டிக்காரன் சுயம்பு. கூட நான், மூத்த மருமகள் பகவதியம்மாள். அவருக்கு இருட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்ததில் பாதி நான்தான். அவரைக் கொன்றதில் பாதிக்கு மேலும் நான்தான். இதற்காக யாரும் என்னைப் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் கல்யாணம் என்றால் ராத்திரிதான். தாலி கட்டி, அம்மி மிதித்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் முற்றத்தில் இறக்கி அருந்ததி காட்டுவார்கள். வடக்கே ஏழு நட்சத்திரம் கூட்டமாக நிற்கும். அதில் கடைசிக்கு முந்தினவர் வசிட்டர். அவர் தோளை ஒட்டிப் பொடியாக ஒன்று மினுக்கும். அதுதான் அருந்ததி. அது கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஆறு மாசத்துக்குள் சாவு என்று ஒரு பேச்சு. பேச்சுதான், யார் பார்க்கிறார்கள்? ஓமப்புகையில் எரிகிற கண்ணோடு, வெட்கத்தில் தலையை அரைகுறையாகத் தூக்கி, "தெரியுது" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போவார்கள். காட்டுகிறவர்தான் முக்கியம். எங்கள் தெருவில் முப்பது வருஷமாக அந்த விரல் என் மாமனாருடையது. அதில் அவருக்கு இருந்த கர்வம் கொப்பரைக் கடையில்கூடக் கிடையாது.

என் கல்யாணத்திலும் அவர்தான் காட்டினார். எனக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. எங்கள் வீட்டுப் பெண்களுக்கு எட்டப் பார்வை கிடையாது. ஊசியில் நூல் கோர்ப்போம், தெருமுனையில் வருகிறது ஆளா மாடா என்று தெரியாது. "காணுதாட்டி?" என்று கேட்டார். "நல்லா காணுது மாமா, வைரமாட்டு திளங்குது" என்று அடித்துவிட்டேன். கூட்டம் சிரித்தது, அவருக்குப் பரம சந்தோஷம். அன்றிலிருந்து எனக்குக் காக்காய்க் கண்ணு என்று பெயர். அதற்கப்புறம் இரண்டு பிள்ளை பெற்றேன். நான் சாகவில்லை. வீட்டில் ஒரு கன்றுக்குட்டிகூடச் சாகவில்லை.

ஒன்பது வருஷம் கழித்து என் தங்கை தாணம்மாளை என் கொழுந்தன் பொன்னுலிங்கத்துக்கு எடுத்தார்கள். ஒரே வீட்டில் அக்காளும் தங்கையும் என்று எங்கள் அப்பாவுக்கு நிலைகொள்ளாத மகிழ்ச்சி. வைகாசி மாசம், முற்றமெல்லாம் பெட்ரோமாக்ஸ். மாமனார் வடக்கே விரலை நீட்டி, "காணுதாட்டி?" என்றார். தாணம்மாள் பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தாள். எல்லாரும் பந்திக்குக் காத்திருக்க, அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"காணல்ல மாமா" என்றாள்.

"நல்லா பாரு."

"பாத்தாச்சு மாமா. அங்க ஒண்ணுமே இல்ல."

அங்கே ஒன்றுமே இல்லையாம்! முப்பது வருஷத்து விரலைப் பார்த்து, ஊர் கூடியிருக்கும்போது! மாமனார் முகம் கறுத்துவிட்டது. விரலை மடக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"ஆறு மாசம் அவ அப்பன் வீட்டுல நிக்கட்டும். எனக்க மவன் தாலி கட்டின கையோட கொள்ளி வைக்காண்டாம். ஆறு மாசம் கழிஞ்சும் உசிரோட இருந்தா பொன்னுலிங்கம் போய்க் கூட்டியாருவான்" என்றார்.

எங்கள் அப்பா மாமனார் காலில் விழுந்தார். பொன்னுலிங்கம் மாலையை முகர்ந்துகொண்டு நின்றான், சவம். தாணம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஆரத்தித் தட்டோடு அவள் பக்கத்தில்தான் நின்றேன். 'எனக்கும் தெரியவில்லை, ஒன்பது வருஷமாக உயிரோடுதான் இருக்கிறேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். ஆனால் வண்டியில் இரண்டு பேருக்கு இடம் இருந்தது. அவளோடு என்னையும் ஏற்றி அனுப்பினால் என் பிள்ளைகள்? நான் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கல்யாணச் சேலையோடு அவளைச் சுயம்பு குமாரகோவிலில் அப்பா வீட்டில் கொண்டு போய் இறக்கிவிட்டு வந்தான்.

நாலாம் மாசம் அப்பா நெஞ்சடைத்துச் செத்தார். ஆறு மாசம் கழிந்தது, தாணம்மாள் சாகவில்லை. கூட்டிவர யாரும் போகவில்லை. ஏழாம் மாசம் பொன்னுலிங்கத்துக்குக் கோட்டாற்றில் வேறு பெண் எடுத்தார்கள். நான் கேட்டேன், கேட்காமல் இல்லை. "தங்கச்சி உசிரோடதானே மாமா இருக்கா?" என்றேன்.

"அவளுக்குப் பதிலாட்டு அவளுக்க அப்பனைக் கொண்டுபோச்சுல்லா? அருந்ததி பொய்க்குமா?" என்றார். பாக்கைக் கடித்துக்கொண்டே சொன்னார். அந்தப் பாக்குச் சத்தம் எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது.

இரண்டு வருஷம் போயிற்று. எங்கள் தெருவுக்குக் கரண்டு வந்தது. சித்திரை முதல் வாரம் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் அருந்ததி காட்டக் கூப்பிட்டார்கள். போனார், காட்டினார், பெண்ணும் மாப்பிள்ளையும் தலையாட்டினார்கள். வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமல் நடையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஏட்டி பவதி, எனக்குக் காணல்லட்டி" என்றார்.

"எது மாமா?"

"அருந்ததி. வசிட்டரும் புகைஞ்சாப்ல இருக்காரு. அந்தக் கரண்டுக் கம்பத்து வெளிச்சந்தான் எல்லாத்தையும் கெடுக்குது."

கண்ணை ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்று என் வீட்டுக்காரர் கோலப்பன் மெல்லச் சொன்னார். "எனக்க கண்ணுக்கு என்னலே? வெளிச்சந்தான் குத்தம்" என்று ஒரு கத்து கத்தினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! மறுநாள் சாயங்காலம் சுயம்புவை விட்டுக் கல்லெறிந்து கம்பத்து பல்பை உடைக்கவைத்தார். மாடியில் ஏறிப் பார்த்தார். தெரியவில்லை. மூன்றாம் நாள் புது பல்பு போட்டுவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகுதான் அலைச்சல். தனக்குத் தெரியாமல் போனதைத் வீட்டுக்கு வெளியே விடாமல் நாள் எண்ணினார். சித்திரையிலிருந்து ஆறு மாசம் என்றால் ஐப்பசி. அதற்குள் ஒரு தடவை கண்டுவிட்டால் தப்பித்தார். ஆனால் வைகாசியில் இறங்குகிற இடவப்பாதி மழை பிடித்தால் வானமே தெரியாது. மழை விடும்போது அந்த ஏழு பேரும் பொழுது அடையும் முன்னே வடமேற்கில் இறங்கிப் போயிருப்பார்கள், பிறகு கார்த்திகையில்தான் விடியக்காலம் ஏறுவார்கள். ஆக அவருக்கு இருந்தது இரண்டு மாசம். சாட்சிக்கு நல்ல கண் வேண்டும் என்று என்னை வண்டியில் ஏற்றினார். காக்காய்க் கண்ணு! நான் அன்று சொன்ன பொய் எனக்கு வண்டியில் இடம் பிடித்துக் கொடுத்தது.

முதலில் ஊருக்கு வெளியே குளத்தங்கரை. எட்டு மணிக்கு நல்ல இருட்டுதான். ஆனால் மீன் பிடிக்கிறவர்கள் ஓலைச் சூட்டைக் கொளுத்திக்கொண்டு கரையெல்லாம் திரிந்தார்கள். தண்ணீரும் அந்த வெளிச்சத்தை வாங்கி முகத்தில் அடித்தது. "இந்தா நிக்கு முதலாளி" என்று சுயம்பு சாட்டைக்கம்பால் காட்டினான். மாமனார் கண்ணைச் சுருக்கினார், கையைக் கூரைபோலப் புருவத்தில் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஒனக்குக் காணுதா?"

நான் வானத்தைப் பார்த்தேன். எனக்குச் சாம்பல் தூவினதுபோல இருந்தது. வசிட்டரும் தெரியவில்லை, அவர் பெண்டாட்டியும் தெரியவில்லை.

"நல்லா காணுது மாமா" என்றேன்.

அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். அது எனக்குப் பிடித்திருந்தது. ஒளிப்பானேன், மிகவும் பிடித்திருந்தது.

இருட்டில் ஒரு நூலளவும் குறை இருக்கக்கூடாது என்று அவர் வாயாலேயே சொல்லவைத்தேன். மணவாளக்குறிச்சிக் கடற்கரையை யோசனை சொன்னது நான்தான். வெள்ளை மணல் அமாவாசையன்றும் லேசாக வெளுத்துக் கிடக்கும். அங்கே கருமணல். வெளிச்சம் விழுந்தால் குடித்துவிடும், திருப்பித் தராது. "கொள்ளாம்ட்டி, புத்தி இருக்கு ஒனக்கு" என்றார். சித்திரை அமாவாசைக்குப் போனோம். மணல் கம்பெனிக் கொட்டகையில் விளக்கு இருந்ததால் வண்டியை ஒரு மைல் தள்ளி நிறுத்தினோம். பகலெல்லாம் வெந்த கருமணல் எட்டு மணிக்கும் உள்ளங்காலைச் சுட்டது. எல்லாரும் கடலைப் பார்க்கப் போவார்கள், நாங்கள் மூன்று பேரும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வடக்கே அண்ணாந்து நின்றோம். என் கையே எனக்கு நிழல்போலத்தான் தெரிந்தது, அப்படி இருட்டு.

"அந்தாக்குல. அந்தாக்குலதான?" என்று விரலை நீட்டினார் மாமனார்.

"ஆமா மாமா, அங்கதான்" என்றேன் நான்.

"எனக்கு இடம் தெரியுது. ஆளத் தெரியல்ல" என்றார். முகம் கழுவ அலைப் பக்கம் தடவித் தடவிப் போனார்.

சுயம்பு தலைப்பாகையை அவிழ்த்து உதறிக் கட்டினான். அவன் அய்யாவழிக்காரன், நெற்றியில் நாமம். அதிகம் பேசமாட்டான்.

"அம்மா, ஒரு காரியம் சொன்னா வெளிய விடப்பிடாது" என்றான்.

"சொல்லு."

"முதலாளி காட்டின எடத்துல வசிட்டரே கெடையாது. அவரு வேற எங்கயோ காட்டுதாரு. கண்ணுல தெரை விழுந்து வருசம் கொஞ்சம் ஆச்சு, இவரு பழக்கத்துல விரலை நீட்டுதாரு. ஒங்க தங்கச்சி சின்னம்மைக்க கல்யாணத்திலயும் இப்பிடித்தான். நான் வண்டிப் பக்கத்துல நின்னு பாத்தேன். அவரு காட்டின பக்கம் புளியமரந்தான் நின்னுது."

நான் அவன் முன்னால் போய் நின்றேன். "அன்னைக்கே சொல்லியிருக்கக்கூடாதா, எரப்பாளி?"

"நான் வண்டிக்காரன்லா அம்மா. முதலாளிக்க விரலை நான் புடிச்சுத் திருப்பவா?" என்றான். அப்புறம், "எங்க ஆளுவளுக்க கல்யாணத்துல இந்த நச்சத்திரம் காட்டுத வேலை ஒண்ணும் கெடையாது" என்று முனகிக்கொண்டு மாட்டைப் பூட்டப் போனான்.

அங்கே ஒன்றுமே இல்லை என்று அந்தப் பிள்ளை சொன்னது சத்தியம். இல்லாத நட்சத்திரத்தைக் காணவில்லை என்று சொன்னதற்குத்தான் அவளைக் கல்யாணச் சேலையோடு ஏற்றி அனுப்பினார். அதுவரை அவரைக் கொஞ்சம் பயமுறுத்தினால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தக் கருமணலில் நின்றபோது அது மாறிவிட்டது. இந்தக் கிழவன் சாகவேண்டும், தன் வாயால் சொன்ன சாவையே சாகவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

வைகாசியில் சிதறால் மலைக்குப் போனோம். அந்த வருஷம் மழை கொஞ்சம் பிந்தியது. அதற்கு மேல் இருட்டான இடம் நம் பக்கத்தில் இல்லை என்று அவரே முடிவு செய்தார். மேலே சமணர் வெட்டின பாறைக்கோயில், பகவதி அம்மன் இருக்கிறாள், அந்திக்குப் பிறகு ஈ காக்கை ஏறாது. வெளிச்சம் இருக்கும்போதே ஏற ஆரம்பித்தோம். வழியெல்லாம் பாறை. சுயம்பு அவர் கையைப் பிடித்து ஒவ்வொரு அடியாக வைக்கச் செய்தான். இரண்டு இடத்தில் முழங்கால் இடித்து ரத்தம் வந்தது. உச்சிக்குப் போனபோது பொழுது அடைந்துவிட்டது. கீழே தென்னை தெரியவில்லை, ஆறு தெரியவில்லை, ஒரு குடிசை விளக்குத் தெரியவில்லை. நேர் வடக்கே ஏழு பேரும் நிற்கிறார்கள் என்று சுயம்பு சொன்னான். அருந்ததி உப்புக்கல் மாதிரி தனியாகத் தெரிகிறதாம்.

மாமனார் வெகுநேரம் பார்த்தார். கண்ணைக் கசக்கிப் பார்த்தார், மல்லாக்கப் படுத்துப் பார்த்தார். வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துப் பார்த்தார். சுயம்புவைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டார். பாறையில் தடவி என் கையைப் பிடித்தார். பதினோரு வருஷத்தில் அவர் என் கையைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"பவதி, மக்கா, நெசம் சொல்லு. ஒனக்குக் காணுதா?"

"காணுதே மாமா."

"இல்லேன்னு சொல்லுட்டி. ஒனக்கும் காணல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லு. பொய்யாவது சொல்லு. பகவதி சந்நிதியில சொல்லுதேன், நான் கோவப்பட மாட்டேன். எனக்குச் சாவப் பயமா இருக்குட்டி."

பொய்யாவது சொல்லு என்றார். உண்மை என் நாக்கின் மேல் உட்கார்ந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை மாமா, என்றைக்கும் தெரிந்ததில்லை, பாருங்கள் கல்லுப்போல இருக்கிறேன் என்று சொன்னால் அவர் அந்தப் பாறையிலேயே சிரித்திருப்பார். தாணம்மாள் வண்டியில் ஏறும்போது முந்தானை சக்கரத்தில் மாட்டிக் கிழிந்ததை நினைத்துக்கொண்டேன்.

"பகவதி சந்நிதியில பொய் சொல்லச் சொல்லுதேளே மாமா. நல்லா திளங்குது. வசிட்டரை ஒட்டினாப்பல நிக்கா" என்றேன்.

கையை விட்டுவிட்டார்.

மறுவாரம் மழை பிடித்தது. அவர் கட்டிலில் படுத்தார். என் வீட்டுக்காரர் டாக்டரைக் கூட்டிவந்தார். கண்ணில் திரை விழுந்திருக்கிறது, அறுத்து எடுத்துவிடலாம், உடம்பில் வேறு நோய் இல்லை என்றார் டாக்டர். "தெரையோ மறையோ, காணல்லேன்னா காணல்லதான்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார் மாமனார். ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. சோறு நின்றது, பிறகு பாலும் நின்றது. எதிர்த்த சுவரில் தொங்கிய காலண்டரை மட்டும் கிழிக்கச் சொல்லுவார். நான்தான் தினமும் கிழித்தேன், சத்தம் கேட்கும்படி கிழித்தேன். மூன்று வேளையும் கஞ்சி கொண்டுபோய் வைத்தேன், மூன்று வேளையும் எடுத்துக்கொண்டு போனேன். மாமனாருக்கு இப்படிப் பணிவிடை செய்கிற மருமகள் உண்டா என்று தெருவே பேசியது.

ஐப்பசி பிறந்து, ஆறு மாசக் கெடுவுக்கு நாலு நாள் பாக்கி இருக்கும்போது, எலும்பும் தோலுமாகக் கிடந்தவர் காதருகே குனிந்தேன். இரக்கப்பட்டு அல்ல. சாகிறதற்கு முன் அவருக்குத் தெரியவேண்டும் என்றுதான்.

"மாமா, எனக்கும் காணல்ல. கல்யாணத்தன்னைக்கும் காணல்ல, குளத்தங்கரையிலயும் காணல்ல, சிதறால்லயும் காணல்ல. பதினோரு வருசமாச்சு, எனக்கு என்ன ஆச்சு? தாணம்மைக்கு நீங்க புளியமரத்தைக் காட்டினேள். சுயம்பு பாத்திருக்கான்."

திரை விழுந்த அந்தக் கண்கள் என்னைத் தேடின. கோபப்படுவார், சபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் செய்தது வேறு. கையைக் கட்டிலிலிருந்து தூக்கி, வாய்ப் பக்கம் கொண்டுபோனார்.

"கஞ்சி" என்றார். "கஞ்சி தா மக்கா."

பிழைக்கலாம் என்று நினைத்துவிட்டார்! ஓடிப்போய்ச் சூடாகக் கொண்டுவந்தேன். கரண்டியால் ஊற்றினேன். தொண்டை இறக்கவில்லை. கடைவாய் வழியாக வடிந்து தலையணையில் போயிற்று. அவர் வாயைத் திறந்து திறந்து வைத்துக்கொண்டார், இன்னும் ஊற்று, இன்னும் ஊற்று என்று. ஊற்றிக்கொண்டேதான் இருந்தேன். இரண்டாம் நாள் காலையில் செத்தார்.

பதினாறு கழிந்ததும் குமாரகோவிலுக்குப் போனேன். தாணம்மாள் முற்றத்தில் உட்கார்ந்து ஓலை முடைந்துகொண்டிருந்தாள், கழுத்தில் அதே தாலி. எனக்குச் சொல்லித் தீரவேண்டும். அவளுக்காகத்தானே செய்தேன்! குளம், கருமணல், சிதறால், காலண்டர் கிழித்தது, கடைசியில் காதில் சொன்னது, ஒன்றுவிடாமல் சொன்னேன். ஓலை முடைகிற கை பாதியில் நின்றது. சந்தோஷப்படுவாள், அழுவாள் என்று பார்த்தேன்.

"ஒனக்கும் காணல்லியா அக்கா?" என்றாள்.

"எங்கட்டி காண? நம்ம கண்ணு தெரியாதா?"

"நீ கண்டிருக்கே, எனக்குத்தான் விதியில்லேன்னுல்லா நெனச்சேன்." ஓலைக்கீற்றை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். "ஆறு மாசம் இந்த முற்றத்துலதான் கெடந்தேன். இன்னைக்குச் சாவேன், நாளைக்குச் சாவேன்னு பயந்து பயந்து கெடந்தேன். அப்பாவும் அதைப் பாத்துப் பாத்துத்தான செத்தாவ? நீ செவ்வாய்க்குச் செவ்வாய் வந்தியே அக்கா. எனக்குக் கஞ்சி ஊத்தித் தந்துட்டுப் போனியே."

நான் என்னென்னவோ சொன்னேன். பிள்ளைகளைச் சொன்னேன், வண்டியைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாளா என்று தெரியவில்லை. எழுந்து உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை, திட்டவும் இல்லை. தெருவில் சுயம்பு வண்டியைத் திருப்பி நிறுத்திக்கொண்டு காத்திருந்தான்.